இரணைதீவில் ஒரு கல் இறங்கும் விலை

முழங்காவிலில் ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லுக்கு ஒரு விலை. அதே கல் இரணைமாதாநகர்க் கரையில் படகேறி, இரணைதீவில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சுடுமணலில் தோள்மேல் போய்க் காணிக்குள் அடுக்கப்படும்போது இன்னொரு விலை. வீட்டுத்திட்ட மதிப்பீட்டுத் தாளில் முதல் விலைதான் எழுதியிருக்கும். கட்டுகிற சனம் கொடுப்பது இரண்டாவது விலை. தீவு வீடு ஏன் அத்திவாரத்தோடு நின்றுவிடுகிறது என்று கேட்கிறவர்களுக்கு முதலில் காட்டவேண்டியது இந்த இடைவெளியை.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இரணைதீவு என்பது இலங்கையின் வடக்கில், கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரி பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இரட்டைத் தீவு. 1992 இல் சனம் அங்கிருந்து இடம்பெயர்ந்து, முழங்காவிலுக்குக் கிட்ட இரணைமாதாநகரில் குடியேறியது. போர் முடிந்த பிறகும் கடற்படை அங்கே நின்றதால் திரும்பிப் போக முடியவில்லை. 2017 மே 1 இல் தொடங்கிய போராட்டம் ஏறக்குறைய ஒரு வருடம் நடந்தது. 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் சனம் தானாகவே போய் இறங்கியது. அடுத்த மாதம் இருக்க அனுமதி கிடைத்தது. 2021 மார்ச்சில் கொரோனாவால் இறந்தவர்களை அடக்கம் செய்ய இந்தத் தீவைத் தெரிவு செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த இடம் கிழக்கு மாகாணத்து ஓட்டமாவடிக்கு மாறியது. கூரை தெரியாத நிலத்தை ஆளில்லாத நிலமாக எண்ணிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின. தீவில் ஒரு கூரை போடுவதை நாங்கள் இத்தனை முக்கியமாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சனத்தொகைக் கணக்கை இங்கே பலர் பிழையாகப் படிக்கிறார்கள். பக்கத்து மன்னார் மாவட்டத்தில் 1981 குடிசன மதிப்பீட்டில் 106,235 பேர்; 2012 இல் 99,570 பேர். வவுனியாவில் 95,428 பேர் 172,115 ஆனார்கள். மன்னாரின் தொகை குறைந்திருப்பதைப் பார்த்து அங்கே வீட்டுக்குத் தட்டுப்பாடு இராது என்று நினைத்தால் அது தவறு. போரில் இருந்த வீடுகள் போயின, மிஞ்சிய குடும்பங்களோ பெருகின. 1992 இல் இரண்டு பிள்ளைகளோடு தீவை விட்டு வந்த ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். இக்கரையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 26 வருடம் கழித்துத் திரும்பிப் போகும்போது நான்கு பிள்ளைகளும் கலியாண வயது, மூத்தவருக்குப் பிள்ளையும் இருக்கலாம். காணி அப்போதும் ஒன்று, இப்போதும் ஒன்று. பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களை ‘உப குடும்பம்’ என்று எழுதுவார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் மன்னார் மாவட்டத்து முசலிக்குத் திரும்பி வந்தபோது பட்டதும் இதே கணக்குத்தான்: போனது ஒரு குடும்பம், வந்தது மூன்று நான்கு.

இரணைதீவில் இதற்கு மேலே இன்னொரு சிக்கல். குடும்பம் ஒன்றாக இருந்தாலும் அதற்குக் கூரை இரண்டு வேண்டும். தொழில் தீவில். நண்டும் கடலட்டையும் மீனும் அங்கேதான். பள்ளிக்கூடமும் ஆசுப்பத்திரியும் சந்தையும் இக்கரையில். பள்ளிக்கூட நாட்களில் தாயும் பிள்ளைகளும் இரணைமாதாநகரில் இருக்க, ஆண்கள் வாரக்கணக்கில் தீவில் தங்குவார்கள். விடுமுறை விட்டால் முழுக் குடும்பமும் அக்கரை. வாடைக்காற்றுப் பலக்கும் நாட்களில் எல்லாரும் இக்கரை. வன்னியில் பருவக் குடியிருப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிழக்குக் கரையில் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்து வாடிகள், அதாவது மீனவரின் தற்காலிகக் குடில்கள்தான். அங்கே தென்மேற்குக் காற்றுக்காலத்தில் மேற்குக் கரைத் தொழிலாளர்கள் வந்து தங்கிவிட்டுப் போவார்கள். வாடிக்காரருக்கு வேறிடத்தில் வீடும் ஊரும் உண்டு. இரணைதீவாருக்கு இரண்டு கரையும் ஊர்.

வீட்டுத்திட்டங்களோ ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற விதியில் ஓடுகின்றன. 2012 இல் வடக்குக் கிழக்கில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, 550 சதுர அடி, காசு கட்டம் கட்டமாகக் கைக்கு வந்தது, பயனாளியே கட்டவேண்டியிருந்தது. ஒரு முறை வீடு எடுத்தவரின் பெயர் அடுத்த பட்டியலில் ஏறாது. இக்கரையில் வீடு எடுத்தவருக்கு அக்கரை வீடு சொந்தச் செலவு. பெருநிலத்தில் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியபோது மேசன் கூலியும் மணல் விலையும் ஏறி, நகை அடகுக்கும் நுண்கடனுக்கும் போன வீடுகள் எத்தனையோ. பிறகு 2019 கடைசியில் ஆட்சி மாறியபோது, இடையில் நின்ற வேறு அரச வீட்டுத்திட்டங்களில் அடுத்த கட்டக் காசு வராமல் நிலையும் யன்னலும் இல்லாத சுவர்கள் ஊர் ஊராக நின்றன. அந்தப் படிப்பினையோடு பார்த்தால், தீவில் கட்டுகிறவர் வரப்போகும் காசை நம்பி அத்திவாரம் பெரிதாகப் போடவே கூடாது. சின்னதாக ஒரு அறையை முடித்துக் கூரை போட்டுவிட்டுப் பிறகு பக்கத்தில் நீட்டுவதுதான் புத்தி.

அந்தச் சின்ன வீட்டையே கணக்குக்கு எடுப்போம். 12 அடிக்கு 10 அடி அறை ஒன்று, முன்னால் 6 அடி விறாந்தை. சுவர் உயரம் 9 அடி. சுற்றளவு 44 அடி, ஆகவே சுவர்ப்பரப்பு 396 சதுர அடி. 3 அடிக்கு 7 அடியில் கதவு ஒன்று, 4 அடிக்கு 4 அடியில் யன்னல் இரண்டு, இவை 53 சதுர அடியைத் தின்றுவிடும். மிச்சம் 343. பதினாறுக்கு எட்டு அங்குலக் கல் ஒன்று சாந்தோடு சேர்த்து 0.89 சதுர அடி பிடிக்கும், அப்படியானால் 386 கல். தரைவழியில் இருபதுக்கு ஒன்று உடையும் என்று வைத்தால் படகுவழியில் பத்துக்கு ஒன்று என்று வைக்கவேண்டும். 425 கல் என்று பிடியுங்கள்.

ஆறு அங்குல அடைகல் (உள்ளே ஓட்டையில்லாத கல்) ஒன்று ஏறக்குறைய 22 கிலோ. 425 கல் ஒன்பது தொன்னுக்கு மேலே போகும். 15 குதிரைவலு எஞ்சின் பூட்டிய 18 அடிப் பிளாஸ்ரிக் படகில், ஆள் இருவரோடு, கடல் தூங்குகிற நாளில் 25 கல் ஏற்றலாம். அதற்குமேல் ஏற்றினால் படகின் விளிம்பு தண்ணீரை முத்தமிடும். பதினேழு நடை. சுமையோடு போக ஒன்றரை மணி நேரம், வெறும் படகாக வர ஒரு மணி நேரம் என்று வையுங்கள். எஞ்சின் மணிக்கு 6 லீற்றர் குடித்தால் நடைக்கு 15 லீற்றர் மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது. பழைய விலையில் நடைக்கு 1,305 ரூபா, கல்லுக்கு 52 ரூபா. புதிய விலையில் நடைக்கு 5,100 ரூபா, கல்லுக்கு 204 ரூபா. எண்ணெய்க்கு மட்டும் பதினேழு நடைக்கு 86,700 ரூபா, அதுவும் 120 சதுர அடி அறைக்கு. படகுக் கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி இதில் இல்லை. காற்றைப் பார்த்து ஒரு நாளைக்கு ஒரு நடைதான் போகலாம் என்றால் பதினேழு தொழில் நாட்களும் அதோடு போய்விடும். அதே காலத்தில் சீமெந்து மூட்டை ஆயிரம் ரூபாவை ஒட்டிய விலையிலிருந்து மூவாயிரத்தைத் தாண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எரிபொருள் விலை ஏறும் இறங்கும். உங்கள் படகின் நேரத்தையும் அன்றைய லீற்றர் விலையையும் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்துகொள்ளலாம். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களும் சங்கமாகப் போய்ப் பேசுகிறவர்களும் பொதுவாக ‘போக்குவரத்துச் செலவு அதிகம்’ என்று எழுதிக் கொடுக்காமல், நடை, லீற்றர், ரூபா என்று இப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. மதிப்பீட்டுத் தாளில் சேர்க்கக்கூடிய ஒரு வரி அப்போதுதான் உருவாகும்.

இந்தக் கணக்கிலிருந்து வருகிற முதல் முடிவு: கல்லை ஏற்றாதீர்கள், சீமெந்தை ஏற்றுங்கள். ஒரு மூட்டை சீமெந்துக்கு ஆறு மடங்கு மணல் போட்டால் ஆறு அங்குலக் கல் 17 வரை அரியலாம். 425 கல்லுக்கு 25 மூட்டை, 1,250 கிலோ. பதினேழு நடை மூன்று நடையாகச் சுருங்கும். தீவு மணல் பொடியாக இருந்தால் ஐந்து மடங்கோடு நிற்கவேண்டும், அப்போது 30 மூட்டை வரை போகும். அப்படிப் போனாலும் மூன்று நடைக்குள் அடங்கும். கல் அரியும் இரும்பு அச்சு ஒன்றை நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் போதும். மூட்டைகளைப் படகின் அடித்தட்டில் நேரே வைக்கவேண்டாம். கீழே பலகை போட்டு, மூட்டைக்கு மூட்டை பொலித்தீன் உறை போட்டு, மேலே படங்கு இழுத்துக் கட்டுங்கள். ஒரு அலை உள்ளே அடித்தால் அந்த மூட்டை அடுத்த நாளே கல்லாகிவிடும். அக்கரை போன சீமெந்தை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் அதற்குமேல் வைத்தது கட்டிபட்டுப்போகும். கட்டியைத் தட்டிப் பொடியாக்கிக் கலக்கிறவர்கள் உண்டு. அந்தக் கல் விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் மணலுக்கு எங்கே போவது? 25 மூட்டைக்கு ஆறு மடங்கு என்றால் ஏறக்குறைய இரண்டு கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) வேண்டும். இதையும் படகில் ஏற்றினால் பதினேழு நடைக் கதைக்கே திரும்பிப் போவோம். கடற்கரையில் அள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். அள்ளக்கூடாது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, கரை அரிந்தால் முதலில் போவது உங்கள் வேலிதான். அதோடு அலை தொட்ட மணலில் உப்பு நிறைய. சரியான இடம் உங்கள் காணிக்குள்ளேயே இருக்கிறது: கிணறு வெட்டுகிற குழி. 10 அடி விட்டத்தில் 8 அடி ஆழத்துக்குக் கிணற்றுக் குழி எடுத்தால் 628 கன அடி, அதாவது ஆறு கியூபுக்கு மேல் மண் வெளியே வரும். இதில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்த பகுதி பல மாரிகள் கழுவிய மணல், உப்புக் குறைந்தது. அதை ஒரு குவியலாகவும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வந்ததை வேறு குவியலாகவும் போடுங்கள். மேல்மண்ணில் வேரும் இலையும் கிடக்கும் முதல் ஒரு அடியைக் கழித்துவிடவேண்டும். காணியில் சுண்ணக்கல் பாறை தட்டினால் மணல் குறையும், ஆனால் அத்திவாரத்துக்குக் கல் கிடைக்கும்.

அதனால்தான் வேலை தொடங்கும் வரிசை பெருநிலத்தைப்போல் இல்லை. பெருநிலத்தில் முதலில் அத்திவாரம். தீவில் முதலில் கிணறு, அதுவும் கட்டப்போகிற வருடத்துக்கு முந்திய வருடம் ஐப்பசிக்கு முன்னர். மணற்குவியலை முழங்கால் உயரத்துக்கு மேலே போகாமல் பரப்பி, நீர் வடிந்து ஓடும்படி சற்றுச் சரிவாக விட்டால், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை மூன்று மாதம் அதைக் கழுவித் தரும். ஆள் உயரக் குவியலாகப் போட்டால் மேல் அரைவாசி மட்டுமே கழுவும், உப்பு கீழே இறங்கித் தங்கிவிடும். கழுவியதா என்று பார்க்க, குவியலின் அடியிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து, ஒரு போத்தல் மழைத்தண்ணீரில் குலுக்கித் தெளியவிட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னும் ஆகவில்லை.

பிறகு மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை கடல் அமைதி. சீமெந்து, கூரைச் சீற், மரம், கதவு நிலை எல்லாம் அந்த இடைவெளியில் அக்கரை போய்விடவேண்டும். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் சுமைப்படகு ஆபத்து. சோளகத்தில் கல் அரிந்து சுவரெழுப்பி, புரட்டாதிக்குள் கூரை. இந்த வரிசையில் ஒன்று பிசகினால் ஒரு மாதம் பிந்தாது, ஒரு வருடம் பிந்தும்.

கல் அரியும்போது கலவை ஈரமாக இருக்கவேண்டும், ஒழுகக்கூடாது. கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்கவேண்டும், விரலுக்கிடையில் தண்ணீர் வரக்கூடாது. அரிந்த கல்லை வெயிலிலும் காற்றிலும் விடாதீர்கள். சோளகக் காற்று ஒரு மத்தியானத்துக்குள் கல்லின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சீமெந்து இறுகுவதற்குத் தண்ணீர் இல்லாமல் போகும். பனையோலை மூடி ஏழு நாள் காலையும் மாலையும் நனைத்து, பதினாலு நாளுக்குப் பிறகே சுவருக்கு எடுக்கவேண்டும். ஆணியால் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் சரி, மா உதிர்ந்தால் அந்தக் கல் வேலிக்கரைக்கு.

உப்பு விடயத்தில் ஒரு பிரிவு தெளிவாக இருக்கவேண்டும். கம்பி இல்லாத வேலைக்கு, அதாவது கல்லுக்கும் அத்திவாரத்துக்கும், கொஞ்சம் சவர்த் தண்ணீரும் கொஞ்சம் உப்பு மணலும் போனால் சுவரில் வெள்ளை பூக்கும், அசிங்கமாக இருக்கும், அதோடு போகும். கம்பி போகிற கொங்கிறீற்றுக்கு அது விசம். உப்பு கம்பியைத் துருவாக்கும். துரு கம்பியைவிடப் பருமன் கூடியது. அது உள்ளேயிருந்து நெருக்க, கம்பியின் நீளத்துக்கு வெடிப்பு ஓடி, சில வருடத்தில் கொங்கிறீற் துண்டாக விழும். கம்பியைத் தடிப்பாக்கினால் பிழைக்கலாம் என்று சில மேசன்மார் சொல்வது சரியில்லை, தடித்த கம்பிக்குத் துருவும் தடிப்பு.

ஆகவே தீவில் கம்பிக் கொங்கிறீற்றை இயன்றவரை குறையுங்கள். இந்தச் சின்ன வீட்டுக்கு அது தேவைப்படுவது கதவு யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மூன்றுக்கு மட்டும்தான். அவற்றை இக்கரையில், ஆற்று மணலும் நல்ல தண்ணீரும் சல்லியும் போட்டு வார்த்து, ஏழு நாள் ஈரச்சாக்கு மூடி, மூன்று கிழமை விட்டுப் பிறகு ஏற்றுங்கள். 4 அடி யன்னலுக்கு இரண்டு பக்கமும் ஆறங்குலம் சுவரில் இருக்க, லிண்டல் 5 அடி நீளம். ஆறுக்கு ஆறு அங்குலம் கனம் என்றால் ஏறக்குறைய 85 கிலோ. நாலு பேர் தூக்கலாம். மூன்றும் ஒரே நடையில் போகும். கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலக் கொங்கிறீற் மூடியிருக்கவேண்டும், கம்பிக்குக் கீழே சின்னக் கொங்கிறீற் கட்டை வைத்து வார்த்தால் தான் அது கிடைக்கும். கம்பி வருகிற பக்கத்தை ‘கீழ்’ என்று நிறமடித்துக் குறியுங்கள். தலைகீழாக வைத்த லிண்டல் வெடிக்கும், வைத்தவருக்கு ஏன் என்று விளங்காது.

2016 இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது, வீடொன்று 21 லட்சம் ரூபா. அந்த எண்ணிக்கையில் அது நடக்கவில்லை. எதிர்த்தவர்களின் காரணங்கள் பல. கரையோர ஊர்களுக்கு ஒரு காரணமே போதும்: உப்புக்காற்றுக்குள் உருக்கு.

அத்திவாரத்துக்கு, இடிந்து கிடக்கும் உங்கள் பழைய வீட்டின் கற்கள் இருக்கின்றன. பழைய தீவு வீடுகள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடலிலிருந்து புதிதாக முருகைக்கல் எடுப்பது தடை, எடுக்கவும் கூடாது. ஆனால் தாத்தா கட்டிய சுவரின் கல் காணிக்குள்ளேயே கிடக்கும்போது வெளியே வீசுவது வீண். அதைத் தட்டித் துப்புரவாக்கி, 2 அடி அகலம், இறுகிய மண் வரும்வரை ஆழம், குறைந்தது 2 அடி, ஒன்றுக்கு ஐந்து சாந்தில் கட்டலாம். ஊர்க்காணியின் கல்லை எடுக்கும்முன் கேளுங்கள். ஆள் இப்போது இல்லாத காணிக்கும் உரித்தாளர் உண்டு.

அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அங்குலம் சீமெந்து கூடிய சாந்து போட்டு, அதன்மேல் தாரோ தடித்த பொலித்தீனோ விரித்துவிட்டே முதல் வரிக் கல் வரவேண்டும். இந்த ஒரு அங்குலத்தை மிச்சம் பிடித்த வீடுகளைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு பூச்சுப் பொருமி, தொட்டால் மாவாகக் கொட்டும். நிலத்து உப்புத் தண்ணீர் சுவரால் ஏறி, மேலே காய்ந்து, உப்பாகித் தள்ளுவதால் வருவது அது. சீமெந்தைக் கூட்டித் திருப்பிப் பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். கீழ் மூன்று அடிக்குச் சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு போட்டால் ஈரம் வெளியே வழி காணும். பழைய ஆட்கள் சும்மா சுண்ணாம்பு பூசவில்லை.

கூரைக்குக் கிடுகு ஒரு வருடம், பனையோலை அதைவிடக் கொஞ்சம் கூட. கூலிக்கு ஆளில்லாத காலத்தில் வருடா வருடம் வேய்வது பாரம். ஓடு நல்லது, ஆனால் இந்தச் சின்னக் கூரைக்கே 350 ஓட்டுக்கு மேல், ஒரு தொன்னை ஒட்டிய சுமை, வழியில் உடைவும் உண்டு. அதனால் பலர் துத்தநாகமும் அலுமினியமும் பூசிய தகரச் சீற்றுக்கே வருகிறார்கள். அறுத்த விளிம்பில்தான் துரு தொடங்கும். அளவாகவே இக்கரையில் அறுப்பித்து, விளிம்புக்குப் பெயின்ற் அடித்துக் கொண்டுபோங்கள். ஆணி றப்பர் வளையத்தோடு, சீற் அலையின் முகட்டில். வளையம் நசுங்கும்வரை இறுக்கினால் முதல் வெயிலிலேயே வெடித்து ஒழுகும்.

காற்றை மறக்கவேண்டாம். 1964 மார்கழியில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் மன்னாரையும் அடித்தது. 2020 டிசம்பர் 2 இல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறிய புரெவி வன்னியைக் குறுக்கே வெட்டி மன்னார்க் கடலுக்கு இறங்கியது. கூரையைத் தூக்குவது மேலிருந்து அடிக்கும் காற்றைவிட, உள்ளே புகுந்து மேலே தள்ளுகிற காற்று. சுவர்த்தலை மரத்தைக் கல்லின்மேல் வெறுமனே வைத்தால் அது சீற்றோடு சேர்ந்து பறக்கும். மேலிருந்து மூன்றாவது வரிக் கல்லுக்குக் கீழே துத்தநாகம் பூசிய தடித்த கம்பியைக் கொடுத்து, மூன்று அடிக்கு ஒன்றாக மேலே எடுத்து, மரத்தைச் சுற்றி முறுக்கிக் கட்டவேண்டும். விறாந்தைக் கூரையை அறைக் கூரையின் தொடர்ச்சியாக இழுக்காமல் தனிச் சட்டத்தில் கட்டுங்கள். போனால் விறாந்தை மட்டும் போகட்டும்.

தண்ணீர். தீவுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் என்பது புத்தகக் கணக்கு. சின்னத் தீவில் அந்த ஒரு அடியும் கோடையில் இராது. கிணறு ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும். தண்ணீர் கண்டபின் மூன்று அடிக்கு மேலே இறங்காதீர்கள். வாளியால் அள்ளுகிறவரை ஓடிய கிணறு, மோட்டர் வைத்த கோடையிலேயே சவராகிவிடும், பிறகு திரும்ப ஒரு மாரி போதாது. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, தண்ணீர் ஓடும் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கம்.

குடிக்கவும் சமைக்கவும் கூரைத் தண்ணீர். 12 அடிக்கு 16 அடிக் கூரை ஏறக்குறைய 18 சதுர மீற்றர். வருட மழை 1,000 மில்லிமீற்றர் என்று குறைத்தே பிடித்து, ஐந்தில் ஒன்று வீணானாலும் 14,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து பேருக்கு ஆளுக்கு 4 லீற்றர் என்று 250 நாளுக்கு வேண்டியது 5,000 லீற்றர். ஆக ஆயிரம் லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஐந்து. வெறும் தாங்கி ஒன்றை ஒருவரே உருட்டுவார். படகில் ஏற்றும்போது மட்டும் கட்டிவைக்கவேண்டும், காற்றுக்குப் பாயாகிவிடும்.

காணிப் பத்திரம் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன அத்தனையும் பிறகு சண்டையில் முடியலாம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கிடைத்த பெர்மிட் காணியை நினைத்தபடி துண்டாட முடியாது. குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க இடமில்லை, பின்னுரித்தும் பெயர் குறித்தவருக்கே போகும். தகப்பன் பெர்மிட் காணியில் நாலு பிள்ளைகளும் நாலு அறை கட்டிவிட்டு, பெயர் குறிக்காமல் தகப்பன் கண்மூடினால், மூன்று வீட்டுக்கு நிலமில்லை. முன்பு பெயர் குறிக்காவிட்டால் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது, 2022 திருத்தம் அதை மாற்றியது. மகளுக்குச் சீதன வீடு என்று வாயால் சொல்லி வைத்திருப்பவர்கள் பிரதேச செயலகத்துக் காணிக்கிளையில் இன்றே பெயரைப் பதியுங்கள். உறுதிக்காணி என்றால், இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தாலும், அது பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பழைய நொத்தாரிசின் பெயரோ அயற்காணியின் உறுதி இலக்கமோ இருந்தால் தேடுவது சுலபம். மணம் முடித்த பிள்ளைகள் கிராம அலுவலரிடம் தனிக் குடும்பமாகப் பதியவேண்டும். ‘உப குடும்பம்’ என்று இருக்கும்வரை எந்தப் பட்டியலிலும் அவர்களுக்குத் தனி இலக்கம் இல்லை. ஒரு பிள்ளைக்கு அக்கரைக் காணி, இன்னொரு பிள்ளைக்கு இக்கரைக் காணி என்று குடும்பத்துக்குள் இப்போதே எழுதிவைத்தால், பட்டியல் வரும்போது இருவருமே விண்ணப்பிக்க வழி இருக்கும்.

கடைசியாக, வாடைக்கு முன் வீட்டைப் பூட்டிவிட்டு இக்கரை வருகிற நாள். யன்னலுக்குப் பலகை அடியுங்கள். கதவுப் பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் கிறீஸ் பூசுங்கள். முறுக்கிய கம்பிகளில் எது தளர்ந்திருக்கிறது என்று கையால் அசைத்துப் பாருங்கள். கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குள் கிடக்கும் பறவைக்கூட்டையும் சருகையும் எடுத்துவிட்டு, முதல் மழை வெளியே போகும்படி தாங்கிக் குழாயைக் கழற்றி விடுங்கள். கோடை முழுக்கக் கூரையில் படிந்த உப்பும் எச்சமும் முதல் இரண்டு மழையோடு போய்விடும். அதற்குப் பிறகு காற்று ஓய்கிற ஒரு நாளில், நண்டு வலை பார்க்கப் போகிற படகில் யாராவது ஒருவர் இறங்கிக் குழாயைத் திருப்பி மாட்டவேண்டும். ஊரில் எந்த வீட்டுக் குழாயை யார் மாட்டுவது என்று புரட்டாதிக்குள்ளேயே பேசி வையுங்கள்.